மிசிசிப்பி ஜான் ஹர்ட்: முதலில் 1928ஐ வாங்குங்கள்

ஜான் ஹர்ட் பாட்டைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், எந்த ஆல்பத்தில் ஆரம்பிப்பது? வழக்கமாகக் கிடைக்கும் பதில், 1966ல் வேன்கார்டு கம்பெனி வெளியிட்ட ‘டுடே!’. ஒலி சுத்தம், வயதான குரல் கனிந்து இருக்கும், இரைச்சல் கிடையாது. நான் சொல்வது வேறு. 1928ல் ஓகே ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்காக அவர் பாடியதில் மிஞ்சியிருக்கிற 13 பாட்டையும் சேர்த்து கொலம்பியா 1996ல் ‘அவலான் ப்ளூஸ்’ என்று ஒரே சிடியாகப் போட்டது. முதலில் அதை வாங்குங்கள், இல்லை ஸ்ட்ரீமிங்கில் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ‘டுடே!’ அப்புறம் வரட்டும்.

பெயரே கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கேரல் கவுண்டி, அதற்குள் அவலான் என்று ஒரு சின்ன ஊர். அங்கே விவசாய வேலை செய்து பிழைத்த கறுப்பின மனிதர் ஜான் ஹர்ட். 1890களின் தொடக்கத்தில் பிறந்தவர், கிட்டாரைச் சிறு வயதில் தானாகவே கற்றுக்கொண்டவர். 1928ல் மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் சில பாட்டுகள் பதிவு செய்தார், ஆறு இசைத்தட்டுகள் வெளியாயின, பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருடம் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, இசைத்தட்டு வியாபாரமே படுத்தது, இவர் ஊரோடு வயலோடு இருந்துவிட்டார். 1963ல் இரண்டு இசைப் பிரியர்கள் அவரைக் கண்டுபிடித்து வெளியே அழைத்து வந்தார்கள். 1966 நவம்பர் 2ல் இறந்துபோனார். நடுவில் கிடைத்த அந்த மூன்று, மூன்றரை வருடத்தில் உலகம் அவரைக் கொண்டாடித் தீர்த்தது.

இந்தக் கதை எங்கே பார்த்தாலும் பாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஆல்பத்தின் அட்டையில், சிடியோடு வரும் குறிப்பில், விமர்சனங்களில், எல்லா இடத்திலும் முதலில் கதைதான், கிட்டார் அப்புறம்தான். அதனால் ‘டுடே!’யில் ஆரம்பிக்கிறவர்கள் பாவம், எப்போதும் ஒரு ‘கண்டெடுக்கப்பட்ட தாத்தா’வையே கேட்கிறார்கள், ஒவ்வொரு பாட்டிலும் அவர்களுக்கு ஒரு நெகிழ்ச்சி தயாராக இருக்கிறது. 1928 பதிவில் தாத்தா கிடையாது. முப்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர் உட்கார்ந்து, வேகமாக, துல்லியமாக, எந்த அலட்டலும் இல்லாமல் வாசிக்கிறார். அவர் எவ்வளவு பெரிய வாத்தியக்காரர் என்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

முதல் பாட்டு ‘ஃபிராங்கி’யைப் போட்டுப் பாருங்கள். கெட்டிக்காரத்தனம் முழுக்க வலது கையில். கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளுக்குள் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும், ஒரு தட்டுக்கூட நழுவாது, அந்தத் தாளத்துக்கு மேலே மற்ற விரல்கள் பாட்டின் மெட்டை எடுத்து வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். மெட்டு தாளத்தோடு சண்டை போடாது, கொஞ்சம் முன்னால் போகும், கொஞ்சம் பின்தங்கும், திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும், ஆனால் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதை வேகமாக வாசிப்பது ஒரு கஷ்டம் என்றால், வாசித்துக்கொண்டே அலட்சியமாகப் பாடுவது அதைவிடப் பெரிய கஷ்டம். கிட்டார் கற்றுக்கொள்கிறவர்கள் முயன்று பார்த்தால் புரியும், வாயைத் திறந்த மறுகணம் கட்டைவிரல் நின்றுவிடும்.

குரல் என்று பார்த்தால், மிசிசிப்பி, ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டதும் நம் மனதில் வரும் குரல் இது இல்லவே இல்லை. தொண்டை கிழியக் கத்துவது, உறுமுவது, தந்தி மேல் கண்ணாடிக் குப்பியை இழுத்து அழவைப்பது, இதெல்லாம் அங்கிருந்து மேற்கே டெல்டா சமவெளிக்காரர்களின் பாணி. ஹர்ட் இருந்தது அந்தச் சமவெளி முடிந்து மேடு தொடங்கும் பகுதி. சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்துகொண்டு பேசுகிற மனிதரின் குரல் இவருடையது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்ற அளவில். உண்மையில் இந்தக் குரலைப் பிடித்ததே தொழில்நுட்பத்தின் புண்ணியம். 1925 வரை ஒலிப்பதிவு என்றால் பெரிய கொம்புக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும், மென்மையாகப் பாடுகிறவன் அதில் பிழைக்க முடியாது. மைக்ரோஃபோன் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்து மூன்று வருடத்தில் இவர் ஸ்டூடியோவுக்குள் போனார். ஐந்தாறு வருடம் முன்னால் போயிருந்தால் நமக்கு இந்த ஹர்ட் கிடைத்திருக்க மாட்டார்.

அந்த முதல் பதிவைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பெரிய கூடத்தில் தன்னை நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு நேராக நகர்த்தி, தலையை அசைக்கக் கூடாது என்றார்களாம். பயத்தில் அப்படியே இருந்து கழுத்துவலி சில நாள் விடவில்லையாம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ‘ஃபிராங்கி’யைக் கேளுங்கள், அந்தப் பதற்றத்தின் ஒரு துளி அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எனக்கு அகப்படவில்லை. மெம்ஃபிஸில் 1928 பிப்ரவரியில் எட்டுப் பாட்டு பதிவானது, கம்பெனி வெளியிட்டது இரண்டை மட்டும், மற்ற ஆறும் தொலைந்தே போயின. அந்த ஆறைப் பற்றி யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சிடியில் மிச்சம் உள்ளதெல்லாம் அந்த டிசம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்தவை. ஒரு பாட்டுக்கு 20 டாலர் கூலி.

எனக்கு இந்தத் தொகுப்பின் உச்சம் ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’. ஜான் ஹென்றி என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் கதை அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரியும். நீராவித் துளை இயந்திரத்தோடு சுத்தியலால் போட்டி போட்டு, ஜெயித்து, சுத்தியல் கையில் இருக்கும்போதே உயிரை விட்டவன். அவனை வீரனாக்கிப் பாடிய பாட்டுகள் ஏராளம், எல்லாவற்றிலும் தாளம் சம்மட்டி அடியாக விழும், தொண்டை புடைக்கும். ஹர்ட் பாடுவது அவனுக்கு அடுத்து வேலைக்கு வந்த ஒருவனின் பாட்டு. அவன் சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சுத்தியலை எடுத்துப்போய் மேஸ்திரியிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல், இது ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது. கூவல் இல்லை, சவால் இல்லை. கிட்டார் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு, நடந்து போகிற மனிதனின் காலடி வேகத்தில் போகிறது. மேஸ்திரிக்கு எதிரான பாட்டு இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். பாடுகிறவர் வாழ்நாளில் பெரும்பகுதி அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர் என்று தெரிந்த பிறகு இன்னும் கூர்மையாகக் கேட்கும்.

‘லூயிஸ் காலின்ஸ்’ அதற்கு அடுத்து. ஒரு கொலை, சுடப்பட்டவனின் தாய் அழுகிறாள், தேவதூதர்கள் அவனைக் கிடத்திவிட்டார்கள். ஊரார் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கட்டியது என்று ஹர்ட் சொல்லியிருக்கிறார். மெட்டு ஏறக்குறைய தாலாட்டு. கொலையின் விவரம் இரண்டு வரி, சாவுவீடு மிச்சமெல்லாம். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒன்று உடனே தெரியும், இங்கே யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, துக்கத்தை ஒரு படி தள்ளி நின்று, குரலை ஏற்றாமல் சொல்கிறார். முதல் தடவை கேட்கும்போது வார்த்தை பிடிபடாமல் ஏதோ காதல் பாட்டு என்றே நினைத்துவிடலாம்.

தொகுப்பில் இரண்டு தேவாலயப் பாட்டு இருக்கிறது, அவை எனக்குச் சுமார்தான், கம்பெனி கேட்டதற்காகப் பாடியது போல இருக்கும். ‘ஸ்டாக் ஓ லீ’ பிரமாதம். ‘கேண்டி மேன்’ இரட்டை அர்த்தப் பாட்டு, அவர் இவ்வளவு அப்பாவியாகப் பாடுவதால் பக்கத்தில் பெரியவர்கள் இருந்தாலும் போட்டுவிடலாம், அவர்களுக்குப் புரிந்தால் அது அவர்கள் பாடு.

இப்போது ஒலியைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஓடுவது இங்கேதான். பழைய 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தது, பின்னணியில் இரைச்சல் இருக்கும். கொலம்பியா பதிப்பில் தொந்தரவு செய்யாத அளவுக்கு அதைக் குறைத்திருக்கிறார்கள், கிட்டாரின் மேல்தந்திகள் தெளிவாகவே கேட்கின்றன. இரண்டு பாட்டு முடிவதற்குள் காது அதை மறந்துவிடும். ஆனால் இதே பாட்டுகளை வைத்து முகம் தெரியாத கம்பெனிகள் பல மலிவுத் தொகுப்புகள் போட்டிருக்கின்றன. இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை 60 வருடத்தோடு முடிகிறது, ஐரோப்பாவிலும் இவ்வளவு பழைய பதிவுக்கு உரிமை எப்போதோ காலாவதி, அதனால் யாரும் போடலாம். அப்படி ஒன்றை ஆன்லைனில் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கிட்டாரையும் சேர்த்தே துடைத்து, தண்ணீருக்கடியில் உட்கார்ந்து வாசிப்பது போல ஆக்கி வைத்திருந்தார்கள். அட்டையில் ஆண்டும் இல்லை, எங்கே பதிவானது என்ற தகவலும் இல்லை. அட்டையில் ‘1928’ என்றும் ‘ஓகே’ என்றும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் வேறு. ‘அவலான் ப்ளூஸ்’ என்ற பெயரில் 2001ல் ஒரு அஞ்சலி ஆல்பமும் வந்திருக்கிறது, அதில் மற்ற பாடகர்கள் ஹர்டின் பாட்டுகளைப் பாடுகிறார்கள். கெட்ட ஆல்பம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் அந்தக் கட்டைவிரல் கிடையாது. தேடும்போது அதுவும் சேர்ந்தே வரும், கவனம்.

சரி, அந்தப் பாட்டுக்கே வருவோம். நியூயார்க்கில் இருந்தபோது, டிசம்பர் குளிரில், ஊர் நினைப்பில் பாடியது ‘அவலான் ப்ளூஸ்’. அவலான் என் சொந்த ஊர், எப்போதும் என் நினைப்பில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி வரும். 35 வருடம் கழித்து டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு பழைய இசைத்தட்டு ஆர்வலர்களுக்கு இந்த ஒரு வரிதான் துப்பு. புது வரைபடங்களில் அப்படி ஊரே இல்லை, ஒரு பழைய அட்லஸில் இருந்தது. ஹாஸ்கின்ஸ் போய் விசாரித்தார், ஆள் அங்கேயே இருந்தார், மாடு மேய்த்துக்கொண்டு. கையில் சொந்தமாகக் கிட்டார் கூட இல்லை.

இதைக் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் உண்டு. அவர் எங்கேயும் தொலையவில்லை. விலாசத்தைப் பாட்டிலேயே சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனவர், அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தார். கதையில் அடிக்கடி விட்டுப்போகிற இன்னொன்று, அது நடந்த வருடம். 1963ன் தொடக்கத்தில் அவலானுக்குப் பக்கத்து நகரமான கிரீன்வுட்டில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் போராட்டம் உச்சத்தில் இருந்தது. எம்மெட் டில் என்ற பதினான்கு வயசுப் பையனை வெள்ளையர்கள் கடத்திக் கொன்றது அதற்கு எட்டு வருடம் முன்னால், அதே வட்டாரத்தில். 1963 ஜூனில், மாநிலத் தலைநகர் ஜாக்ஸனில், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தச் சூழலில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார இளைஞன் வீட்டு வாசலில் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கேட்டால் எழுபது வயதுக் கறுப்பினக் கிழவருக்கு என்ன தோன்றும்? போலீஸ் என்று நினைத்தேன் என்று அவரே பின்னால் சொன்னதாக எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். அதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவரை முதலில் ஓகே கம்பெனியிடம் அனுப்பியதும் ஒரு வெள்ளைக்காரர்தான், வில்லி நார்மூர் என்ற பிடில் வாசிப்பவர். இரண்டு பேரும் ஒரே வட்டாரம், ஊர் நடனங்களில் நார்மூரோடு ஹர்ட் சேர்ந்து வாசித்திருக்கிறார். நார்மூருக்கு ஒலிப்பதிவு வாய்ப்பு கிடைத்தபோது, கம்பெனியின் டாமி ராக்வெல்லிடம் இவரைப் பற்றிச் சொன்னார். பிறகு கம்பெனி செய்தது என்ன தெரியுமா? நார்மூரின் இசைத்தட்டை வெள்ளையர்களுக்கான வரிசையில் வைத்தார்கள், ஹர்டினுடையதைக் கறுப்பர்களுக்கான ‘ரேஸ் ரெக்கார்டு’ வரிசையில் வைத்தார்கள். ஒரே நடனத்துக்கு வாசித்த இரண்டு பேர், கடைக்குப் போனால் இரண்டு பட்டியல். பெயருக்கு முன்னால் ‘மிசிசிப்பி’யைச் சேர்த்ததும் விற்பனைக்காகக் கம்பெனி செய்ததுதான்.

அதனால்தான் 1952ல் ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய நாட்டுப்புற இசைத் தொகுப்பு முக்கியமாகிறது. ‘ஃபிராங்கி’யும் ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ஸும் அதில் இருந்தன. யார் கறுப்பர், யார் வெள்ளையர் என்று ஸ்மித் வேண்டுமென்றே எங்கேயும் குறிப்பிடவில்லை. விளைவு, அதைக் கேட்டு வளர்ந்த பலர் ஹர்ட் ஒரு வெள்ளைக்கார மலைநாட்டுப் பாடகர் என்றே வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார்கள். 1928 பதிவைக் கேட்கும்போது அது ஏன் என்று புரியும், ஏனென்றால் அந்த வாசிப்பு எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக உட்காராது. ப்ளூஸ் உண்டு, நடன இசை உண்டு, தேவாலயம் உண்டு, கதைப்பாட்டு உண்டு. சிடி கடையில் இன்றும் இவரை ‘டெல்டா ப்ளூஸ்’ அலமாரியில்தான் வைப்பார்கள், அதைப் பார்த்து வாங்கிப்போகிறவர் ஏமாறலாம்.

இனி ‘டுடே!’. நல்ல ஆல்பம், சந்தேகமே வேண்டாம். 12 பாட்டு, கிட்டாரின் மரவாசனை வரைக்கும் கேட்கும் பதிவு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. இரண்டு ஆல்பத்திலும் பொதுவாக இருப்பவை மூன்று: ‘கேண்டி மேன்’, ‘லூயிஸ் காலின்ஸ்’, ‘ஸ்பைக் டிரைவர்’. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பதுதான் இவரைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, அதற்காகத்தான் 1928ஐ முதலில் கேட்கச் சொல்கிறேன்.

கேட்டால் என்ன தெரிகிறது? 78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் இடமில்லை, ஆகவே 1928ல் எல்லாம் இறுக்கமாக, ஒரு சொல் கூடுதல் இல்லாமல் இருக்கும். நீளமாக ஓடும் தட்டில் அந்த நெருக்கடி இல்லை, மனிதர் மெதுவாகப் போகிறார், கட்டைவிரல் கனமாக விழுகிறது, வரிகளுக்கு நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது. வாசிப்பின் எலும்புக்கூடு மட்டும் அப்படியே, 35 வருடத்தில் ஒரு விரல்கூட இடம் மாறவில்லை. இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு அவருக்கு அடுத்த வருடம் வெளியே வந்த மற்றப் பழைய ப்ளூஸ் பாடகர்களைப் பார்க்க வேண்டும். சன் ஹவுஸை 1964ல் கண்டுபிடித்தபோது, அவருடைய பழைய பாட்டுகளையே ஒரு இளம் ரசிகர் கூட உட்கார்ந்து அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஸ்கிப் ஜேம்ஸை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். ஹர்ட் கிட்டாரைக் கையில் வாங்கி, கொஞ்ச நாளில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை ஏறிவிட்டார்.

‘டுடே!’யில் மட்டும் கிடைக்கிற நல்லவை என்றால், முதல் பாட்டு ‘பே டே’. ஆல்பத்தை இதை வைத்து ஆரம்பித்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். ‘டாக்கிங் கேசி’யில் தந்தி மேல் சறுக்கிக் கிட்டாரையே பேசவைக்கிறார், ரயில் ஓடுகிறது, மணி அடிக்கிறது, குழந்தைகள் கேட்டால் விடமாட்டார்கள். ‘காஃபி ப்ளூஸ்’ஸில் ஒரு காபி பிராண்டை வைத்துக் கேலியாகப் பேசிக்கொண்டே பாட்டுக்குள் போகிறார், அதிலிருந்து ஒரு சொற்றொடரை எடுத்துத்தான் லவிங் ஸ்பூன்ஃபுல் என்ற ராக் குழு தனக்குப் பெயர் வைத்தது. பாட்டுக்கு முன்னால் வரும் அந்தப் பேச்சு மூன்றாவது தடவைக்கு மேல் எனக்குச் சலிப்பு, நண்பர்கள் சிலருக்கு அதுதான் பிடித்த இடம். ‘ஹாட் டைம்’ பாட்டு எதற்கு என்றே தெரியவில்லை, பழைய பிரபலமான மெட்டு, அவர் கையில் ஒன்றும் புதிதாகவில்லை, நான் தாண்டிவிடுகிறேன்.

என் ஒரே உண்மையான குறை, இந்த ஆல்பத்தில் அவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. எல்லாம் சாந்தம். 1928ல் ‘ஃபிராங்கி’யில் இருந்த அந்தத் துள்ளல், ஆட்டத்துக்கு வாசிக்கிறவனின் திமிர், இங்கே வயதோடு அடங்கிவிட்டது. அது இயல்பு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு ‘தூங்குவதற்கு முன்னால் கேட்க நல்ல இசை’ என்று எழுதுகிறார்களே, அவர்கள் சனிக்கிழமை இரவு முழுக்க ஊரை ஆடவைத்த மனிதரைக் கேட்கவே இல்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ‘த பெஸ்ட் ஆஃப் மிசிசிப்பி ஜான் ஹர்ட்’ என்ற பெயரைப் பார்த்துப் பலரும் தேர்ந்தெடுத்த தொகுப்பு என்று வாங்குகிறார்கள். இல்லை, அது 1965ல் ஓபர்லின் கல்லூரியில் நடந்த ஒரு கச்சேரியின் பதிவு. கச்சேரியாக எடுத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கும், கூட்டத்தோடு அவர் எவ்வளவு சகஜமாக இருந்தார் என்று தெரியும். வேன்கார்டின் ‘லாஸ்ட் செஷன்ஸ்’ கடைசிக் காலப் பதிவு, களைப்பு தெரியும், அதைக் கடைசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1963 ஜூலையில் நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாடியது தனித்தொகுப்பாகக் கிடைக்கிறது. வெளியே வந்த சூட்டோடு, நினைவில் இருப்பதையெல்லாம் கொட்டியிருக்கிறார், எண்ணிக்கையில் ஏராளம், எல்லாமே அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்தப் பாணியைக் கற்றுத்தரும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் எந்த விரல் எங்கே என்பது சரியாக இருக்கும், கட்டைவிரலின் அழுத்தம் இருக்காது. நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் ‘ரெயின்போ குவெஸ்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்ட் வாசித்த கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில் இருக்கிறது, தொப்பி போட்டுக்கொண்டு சின்னச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பார். ஒலியை நிறுத்திவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். எவ்வளவு கொஞ்சமாக அசைகிறது என்று தெரியும். ‘ஸ்பைக் டிரைவர்’ஐ முதலில் எடுங்கள், இடது கைக்கு அதிக வேலை இல்லை. ‘ஃபிராங்கி’யை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது வேண்டாம்? குரலில் ஏற்ற இறக்கம், உருக்கம், வெடிப்பு தேடுகிறவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். பாட்டுகள் மேலோட்டமாக ஒன்று போலவே இருக்கின்றன என்ற புகார் நியாயமானதுதான், 13 பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் எனக்கும் ஏழாவது பாட்டில் கவனம் சிதறும். நாலு நாலாகக் கேளுங்கள். ஸ்பீக்கரில் கேட்பதைவிட ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கும், ஒலியை அதிகம் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் இரைச்சல்தான் முன்னால் வரும்.

இசைத்தட்டாகத்தான் வேண்டும் என்கிறவர்கள் யாஸூ கம்பெனி போட்ட ‘1928 செஷன்ஸ்’ஐத் தேடுங்கள், இதே 13 பாட்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் தட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதற்குச் சிடியே போதும். பழைய சிடி கடையில் ஹர்ட் என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பின்னட்டையில் முதல் பாட்டு ‘ஃபிராங்கி’ என்று இருந்தால் விலை பேச ஆரம்பிக்கலாம்.